சென் அன்ட்ரூஸ் பழைய திடலில் வெளிமாணவர் விளையாட முடியுமா?

முள்ளியவளையான்:

வணக்கம். வரும் செப்டெம்பரில் முதுகலைப் படிப்புக்காக ஸ்கொட்லாந்தின் டண்டி நகருக்குச் செல்லவிருக்கிறேன். கொழும்பில் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் வார இறுதிகளில் ஒரு கொல்ஃப் திடலில் பந்து பொறுக்கும் வேலை செய்தபோது இந்த விளையாட்டில் பித்துப் பிடித்தது. இப்போது ஊரில், குளத்து நீர் எட்டாததால் சிறுபோகத்துக்கு விதைக்காமல் கிடக்கும் எங்கள் மேட்டு வயலில், பழைய ஏழாம் இலக்க மட்டை ஒன்றை வைத்துப் பயிற்சி செய்கிறேன். கச்சான் காற்றுக்கு எதிராக உயர்த்தி அடித்தால், பந்து ஏறிய வேகத்திலேயே வரம்பைத் தாண்டாமல் விழுந்துவிடுகிறது.

டண்டியிலிருந்து தே ஆற்றைக் கடந்தால் சென் அன்ட்ரூஸ் வந்துவிடும் என்று அறிந்தேன். அங்குள்ள ‘பழைய திடல்’ (Old Course) என்ற கொல்ஃப் திடல் ரோயல் அன்ட் ஏன்சியன்ட் கழகத்தின் சொத்து என்றும் உறுப்பினர்களுக்கே உரியது என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். தனியாக வரும் மாணவனை அங்கே அனுமதிப்பார்களா, எவ்வளவு செலவாகும், எந்த மாதம் உகந்தது என்பதைத் தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஃபைஃப்வாசி (சொந்த ஊர் வவுனியா):

உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல, தம்பி. முதலாவது குழியின் தொடக்கத்துக்குப் பின்னால் நிற்கும் கற்கட்டடம் மட்டுமே 1754 இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குச் சொந்தமானது; திடல் பொதுமக்களுடையது. 1974 இல் சட்டப்படி அமைக்கப்பட்ட ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது.

விளையாட இடம் கிடைப்பதுதான் கடினம். இருவர் முதல் நால்வர் வரை சேர்ந்து வருபவர்கள், விளையாடும் நாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். தனியாக வருபவர்கள் முன்பு இரவிரவாக வரிசையில் காத்துக் கிடந்தார்கள். 2024 இலிருந்து அவர்களுக்கும் தனிக் குலுக்கல் வந்துவிட்டது. அதற்கு முதல் நாளே நேரில் சென்று பதிய வேண்டும் என்பதால், டண்டியில் வசிக்கப்போகும் உங்களுக்கு அது வாய்ப்பான வழி. ஆனால் ஹான்டிகப், அதாவது ஒருவரின் ஆட்டத்திறனைக் காட்டும் எண், அதற்கான சான்று இல்லாதவர்களை விடமாட்டார்கள். பல்கலைக்கழகத்தின் கொல்ஃப் கழகத்தில் சேர்ந்து, 54 குழிகளுக்கான புள்ளிகளைப் பதிந்து, முதலில் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கோடையில் ஒரு சுற்றுக்கு 300 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும். குளிர்காலத்தில் கட்டணம் வெகுவாகக் குறையும். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை புல்லைக் காப்பதற்காகச் சிறு விரிப்பொன்றைக் கையோடு கொண்டு திரிந்து, அதன்மேல் பந்தை வைத்தே அடிக்க வேண்டியிருக்கும். டிசெம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதையும் கணக்கில் எடுங்கள்.

கனகராயன்கரை:

முந்நூறு பவுண் என்றால் நம் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல். வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று தம்பிக்கே தெரியும்.

எனக்குக் கொல்ஃப் தெரியாது. ஆனால் அந்த நிலத்தின் கதையை வாசித்திருக்கிறேன். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, உழவுக்கு உதவாமல் கிடந்த மணற்பூமி அது. அங்கே விளையாடும் ஊரவரின் உரிமையை 1552 இலேயே பேராயர் ஜோன் ஹமில்ரன் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். அப்படியிருந்தும் 1797 இல் நகரசபை கடனில் மூழ்கியதால் நிலம் கைமாறி, முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முயல்கள் புல்தரையெங்கும் வளை தோண்டின; விளையாடுபவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நீதிமன்றம் வரை வழக்கு நீண்டது. 1821 இல் கொல்ஃப் பிரியரான ஜேம்ஸ் சீப் என்ற நிலவுடைமையாளர் அதை வாங்கிய பின்னர்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1894 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நகரம் அதை மீட்டுக்கொண்டது. மேய்ச்சல் தரைக்காக ஆண்டுக்கணக்கில் கச்சேரி வாசலில் நிற்கும் நம் பகுதிப் பண்ணையாளர்களுக்கு இதைச் சொன்னால், முயல்காரரின் இடத்தில் யார் யாரை வைத்துப் பார்ப்பார்களோ!

டண்டி அக்கா:

தம்பி, ஞாயிற்றுக்கிழமை அங்கே விளையாட்டு இல்லை. பெரும் போட்டி நடக்கும் நாட்களைத் தவிர, அன்று அது ஊருக்கே பூங்கா. நாயோடும் குழந்தைகளோடும் எவரும் காசின்றி நடக்கலாம். முதலில் அப்படி ஒரு நாள் போய்த் திடலைக் காலால் அளந்து பாருங்கள். தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் தரை, நேரில் ஓர் அடிகூடச் சமமாக இல்லாமல் ஏறி இறங்கும். இரண்டு குழிகளுக்குப் பொதுவான ஏழு இரட்டைக் கிரீன்கள் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைகள்) இருப்பதால், அங்கே சென்று திரும்பும் இரு அணிகளும் ஒரே புல்தரையில் சந்தித்துக்கொள்ளும். மணற்பள்ளங்கள் 112, அவற்றுள் பல தொடக்க இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. பதினான்காம் குழியிலுள்ள ‘நரகம்’ என்ற பள்ளத்தின் விளிம்பில் நின்று பாருங்கள். 1995 இல் ஜாக் நிக்லஸ் அதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, அந்தக் குழியைப் பத்து அடிகளில் முடித்தார்.

காற்று உள்ள இடத்தில் உயர்த்தி அடிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தரை இறுகியிருப்பதால், தாழ்வாக அடித்த பந்து விழுந்த பின்னும் நெடுந்தூரம் ஓடும். உங்கள் வயலும் கச்சானும் அதற்குப் போதுமான பயிற்சிக் களம்.

முள்ளியவளையான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹான்டிகப் கிடைக்கும் வரை அங்கே விளையாடக்கூடிய வேறு இடம் உண்டா, அக்கா?

டண்டி அக்கா:

உண்டு. அதே அறக்கட்டளையின் பல்கோவ் திடலில் ஒன்பது குழிகள் உள்ளன. அங்கே சான்று கேட்பதில்லை, கட்டணமும் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும். பழைய திடலின் அருகிலேயே ‘இமாலயம்’ என்ற பெயரில், பந்தை உருட்டிக் குழியில் விழுத்தி விளையாடும் மேடு பள்ளமான புல்தரை ஒன்றும் இருக்கிறது. 1867 இல் தொடங்கிய பெண்கள் கழகத்துக்குரிய அந்த இடத்தில், சில பவுண்கள் கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள். டண்டியிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது; ஞாயிறு நேர அட்டவணை வேறாக இருக்கும் என்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.