கேமிங் கணினி: ஏஎம்4 போதுமா, ஏஎம்5 போகலாமா?

நண்பர்களே, முதல் தடவையாக நானே ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்யப் போகிறேன், கையில் இருக்கும் காசு கொஞ்சம்தான். 1080பி மானிட்டர், அதற்கு மேல் ஆசை இல்லை. ப்ராசஸர் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, டிடிஆர்4 ராம் 8 ஜிபி இரண்டு (ஒன்றே 16 ஆகப் போட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டு ராமும் சேர்ந்து வேகமாக ஓடும் வசதி, கிடைக்காதே), கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600 என்று பட்டியல் போட்டாயிற்று.

இப்போதுதான் குழப்பம். இந்தப் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் (ஏஎம்டி ப்ராசஸர் உட்காரும் இடம்) பின்னால் ப்ராசஸரை மாற்ற நினைத்தால் கேமிங்குக்கு 5800எக்ஸ்3டி வரை போகலாம், அதோடு சரி. அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5 என்றால் போர்டோடு டிடிஆர்5 ராமும் வாங்கியே ஆக வேண்டும், அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போட்டால் 8 ஜிபிக்குப் பதில் 12 ஜிபி விராம் (கார்டின் சொந்த நினைவகம்) கிடைக்குமே என்று மனசு இழுக்கிறது. நீங்கள் என்றால் எதில் போடுவீர்கள்?

அப்புறம், பவர் சப்ளை 550 வாட் போதும்தானே? அதில் மட்டும் மலிவு பார்க்க மாட்டேன், பழைய கணினியில் அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போனது.