புதுப்பிப்பு: வளைகாப்பு வளையலுக்கு அளவு எடுத்தாச்சு

அக்கா மகளின் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்க வேண்டும், அவள் வெளியூரில் இருக்கிறாள், வீட்டிலேயே அளவு எடுப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, அளவு கிடைத்துவிட்டது.

மணிக்கட்டை அளந்து பயனில்லை. வளையல் சிக்குவது விரல் முட்டியில்தான். அதனால் கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கமாக மடக்கி, கையைக் குவித்து, அகலமான இடத்தில் நூலைச் சுற்றச் சொன்னேன். நூலை இறுக்கக் கூடாது, தோலைத் தொட்டபடி இருந்தால் போதும். 19 செ.மீ. வந்தது. 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம் சுமார் 6 செ.மீ., அதாவது 2.6 சைஸ். இது தசமக் கணக்கு இல்லை. 2 அங்குலமும், அதற்கு மேல் அங்குலத்தில் 16இல் 6 பங்கும். 2.8 என்றால் சரியாக இரண்டரை அங்குலம்.

நான் வாங்கியது 2.8தான். மாசமாக இருப்பவளுக்குச் சாயங்காலமானால் கை வீங்குகிறது. ஒவ்வொருவராக வந்து வளையல் அடுக்கும்போது அவளுக்குக் கை நோகவே கூடாது. தங்க வளையலுக்கு அளவு இப்போது வேண்டாம். பிரசவம் முடிந்து வீக்கம் வடிந்த அப்புறம் புதிதாக அளந்து கொடுக்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.