மங்கோலியாவில் தரைவழிப் பயணம்: போட்ட திட்டமும் வழியில் பார்த்த மனிதர்களும்

தலைநகர் உலான் பத்தூரில் கிளம்பி, தெற்கே கோபிப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே வடக்கே குவ்ஸ்குல் ஏரி வரை பன்னிரண்டு நாளில் போய்விடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். கிலோமீட்டரைக் கூட்டி, மணிக்கு அறுபது என்று வகுத்தபோது கணக்கு சரியாகத்தான் வந்தது.

கோபியில் உள்ள தலன்சத்கத் நகரம் வரை கிட்டத்தட்ட 550 கிலோமீட்டர் தார்ச்சாலை, கவலையே இல்லை. அதற்கப்புறம் டயர்த் தடங்கள்தான். புல்வெளியில் ஏழெட்டுத் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஓட்டுநர் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பார். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்த பழைய ரஷ்ய வேன் பல இடங்களில் முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் கோபியில் உள்ள கோங்கோரின் மணல்மேடுகளை எப்படியாவது பார்த்துவிடுங்கள். சில இடங்களில் 300 மீட்டர் உயரம். உச்சியில் உட்கார்ந்து சறுக்கினால் காலடி மணல் விமானம் போல முழங்கும்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. காய்ந்த ஆற்றுப்படுகை ஒன்றில் பின்சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. தூரத்தில் ஒரே ஒரு கெர், அந்த வட்டக் கூடார வீடு. பக்கத்தில் போனதும் ஓட்டுநர் "நோகோய் கோர்!" என்று கத்தினார். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். அங்கே வாசலில் கொடுக்கிற குரலே அதுதான். வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். தெற்கு பார்த்த குட்டைக் கதவு. நிலைப்படியை மிதிக்காமல் குனிந்து நுழைந்து, விருந்தாளிக்கு உரிய இடப்பக்கத்தில் உட்கார்ந்தோம். பாட்டி அடுப்பில் காய்ந்த சாணத்தைப் போட்டு, உப்புப் போட்ட பால் தேநீரைக் கரண்டியால் மொண்டு மொண்டு உயர ஊற்றி ஆற்றினார். கிண்ணத்தை வலக்கையில் வாங்கும்போது இடக்கை முழங்கையைத் தாங்க வேண்டும். அதைச் சரியாகச் செய்தேனா என்று யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அவர் குனிந்து என் ஈரக் காலுறையைத் தொட்டுப் பார்த்தார். கழற்றச் சொல்லிச் சைகை காட்டி, அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டார். அன்றிரவு அங்கேயே படுத்தோம். மறுநாள் மதியம் மகன் வந்து வேனை இழுத்துவிட்டார்.

பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். நான் கொண்டுபோயிருந்த வண்ணப் பென்சில்களைப் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிக்கொண்டார்கள். தேயிலை, மாவு, மெழுகுவத்தி, தையல் ஊசி மாதிரி வீட்டுக்கு உதவுகிற பொருள்களைத் தலைநகரிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நாள் ஓட்டத்துக்கு இரண்டு நாளாவது காலியாக விடுங்கள். குவ்ஸ்குலை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு நாள் கையில் இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

* * *

(இன்னொரு பயணி எழுதியது) நான் 2017-இல் பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் போனேன். சீனத் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், மங்கோலியாவில் 1,520. அதனால் எல்லையில் எங்களை உள்ளே வைத்தே பெட்டியைத் தூக்கிச் சக்கரங்களை மாற்றினார்கள். பல மணி நேரம் ஆனது. எதிர் இருக்கையில் இருந்த வியாபாரி அம்மா துணி மூட்டைகளை நகர்த்தி, நான் கால் நீட்ட இடம் பண்ணிக் கொடுத்தார். இந்த வழியில் வருகிறவர்கள் எல்லைக்கென்றே நேரம் ஒதுக்குங்கள்.

* * *

(வேறொரு பயணி எழுதியது) குவ்ஸ்குல் போக நினைப்பவர்களுக்கு: ஜூலை 11 முதல் 13 வரை நாதாம் திருவிழா. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை என்று ஊரே அதில்தான் இருக்கும். அதற்கு முந்தைய நாள்களில் பேருந்துச் சீட்டு கிடைப்பது பெரும்பாடு. ஏரிக்குப் போகும் வழியில் உள்ள மொரோன் நகரத்துப் பேருந்தில் எனக்கு இடம் கிடைக்க மூன்று நாள் ஆனது.

மொரோனிலிருந்து ஏரிக்கரைக் கட்கல் கிராமம் இன்னும் நூறு கிலோமீட்டர் வடக்கே. ஆள் நிரம்பினால்தான் வேன் கிளம்பும், நேரம் கேட்டுப் பயனில்லை. பக்கத்தில் விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரிப் பெண். தலைநகரில் படிக்கிறவள், கொஞ்சம் ஆங்கிலம் பேசினாள். ஆருல் என்கிற காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றைக் கொடுத்தாள். கடிக்காதே, கன்னத்தில் அடக்கிக்கொள் என்றாள். கல் மாதிரி இருந்தது, புளிப்பு மெதுவாக இறங்கியது. மரங்களுக்கு நடுவே முதலில் நீலமாக ஏதோ தெரிந்தபோது என் தோளைத் தட்டி எழுப்பியதும் அவள்தான். 136 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி. அவள் விரல் நீட்டிய திசையில் மறுகரை தெரியவில்லை.