கிளாரினெட்: 4சி மவுத்பீஸை விட்டு பி45 வாங்கலாமா?

கேள்வி: யமஹா 255 கிளாரினெட், கூட வந்த 4சி மவுத்பீஸ் (வாயில் வெச்சு ஊதும் முனை), 2ஆம் நம்பர் ரீட் (அதில் கட்டும் நாணல் தகடு; நம்பர் ஏறினால் விறைப்பு கூடும்). கிரேடு 3 தேர்வுக்குப் படிக்கிறேன். ரெஜிஸ்டர் கீ (மேல் சுரங்களுக்குத் தாவ வைக்கும் சாவி) அழுத்தினால் கீச்சிடுது, மேல் சுரங்கள் அடைச்சுக்குது, காற்றுச் சத்தமும் கலக்குது. மொத்தத்தில் கீபோர்டைவிட சுருதி கொஞ்சம் ஏறி நிக்குது. வேண்டோரன் கம்பெனியின் பி45 மவுத்பீஸ் வாங்கச் சொல்றாங்க.

பதில் 1: காசைச் செலவழிக்காதீங்க, இப்போதைக்கு. 4சி-யின் முனைத் திறப்பு, அதாவது ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளி, 1.05 மி.மீ. தான். அதில் 2ஆம் நம்பர் மெலிசு; அழுத்தினதும் ரீட் முனையோட ஒட்டி மேல் சுரத்தை அடைச்சிடும். 2.5 போட்டுப் பாருங்க. ரீட்டின் நுனிக்கு மேல மவுத்பீஸ் விளிம்பு ஒரு முடியளவு தெரியணும், லிகேச்சர் (ரீடைப் பிடிக்கும் பட்டை) மவுத்பீஸில் பொறிச்ச கோட்டுக்குக் கீழ இருக்கணும். அப்புறம் மவுத்பீஸை மட்டும் கழற்றி, அதன் கீழ் ஓட்டையை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சி வாயை எடுங்க. ஓரிரு நொடி பிடிச்சுட்டு "டப்"னு விடணும்.

கேள்வி: உடனே விட்டுடுது அண்ணா.

பதில் 1: அப்போ கசிவுதான். புது ரீட் மாட்டியும் அப்படியேன்னா, முனையிலும் பக்கவாட்டு விளிம்பிலும் நகத்தை மெல்ல ஓட்டுங்க, தம்பி. சின்னச் சில்லு தட்டுப்பட்டால் அந்த மவுத்பீஸ் முடிஞ்சது. கழுவ வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.

பதில் 2: மாத்தியே ஆகணும்னா பி45-ஐ ஆசையில் வாங்காதீங்க. திறப்பு 1.195 மி.மீ.; 4சி-யிலிருந்து நேரா அங்கே தாவினால் கடிச்சு வாசிக்கத் தோணும். கமகத்துக்கு உதட்டால் சுரத்தை வளைக்கும் கர்நாடகக் கச்சேரிக்காரர் கணக்கு வேற, அகலத் திறப்பும் மெலிசான ரீடும் அவங்களுக்கு வசதி. உங்களுக்கு 5ஆர்வி லயர், சுமார் 1.09. அதிலும் 13 வரிசைன்னு கேட்டு வாங்குங்க. வேண்டோரனின் சாதாரண வரிசை ஏ சுரம் 442 ஹெர்ட்ஸ் சுருதிக்கு, 13 வரிசை கொஞ்சம் இறங்கின 440-க்கு. சென்னை வெயிலில், ஏசி இல்லாத அறையில், வாத்தியம் தானாவே ஏறும். கீபோர்டு 440-லேயே நிக்கும். இப்போதைக்கு பேரலை (மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைக் குழாய்) 1 மி.மீ. வெளியே இழுங்க, சுருதி இறங்கும்.

அண்ணாசாலையில் கடைக்குப் போனால் உங்க வாத்தியம், லிகேச்சர், பழகின ரீட், புது 2.5, எல்லாம் எடுத்துட்டுப் போங்க. மவுத்பீஸும் பேரலும் மட்டும் மாட்டி ஊதினால் ட்யூனரில் எஃப் ஷார்ப் பக்கம் வரணும். அப்புறம் அடி ஈ சுரத்தைப் பிடிச்சு, நாக்கு தொடாம ரெஜிஸ்டர் கீயை அழுத்துங்க. மேலே பி சுரம் சுத்தமா எழும்பணும். சன்னமா ஆரம்பிச்சும் பாருங்க, நிறைய மவுத்பீஸ் அங்கேதான் மாட்டும்.