மலையில் நீங்கள் சந்தித்த ஆர்பிஜி கலைஞர்கள்: ஒரு அனுபவப் பகிர்வு

பகடைப்பித்தன் (குன்னூர்):

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பேக்கரி மாடியில் ஒருவர் குடியிருக்கிறார். வெளிநாட்டு ஆர்பிஜி (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் விளையாட்டு) கம்பெனிகளுக்கு வரைபடம் வரைவதுதான் பிழைப்பு. கீழே கேட்டால் "ஏதோ கம்ப்யூட்டர் வேலைங்க" என்பார்கள். பழைய டைஸ் செட் ஒன்றை என்னிடம் வாங்க வந்ததில் பழக்கம். ஒருநாள் மேலே வரச் சொன்னார்.

டேப்லெட்டில் வரைவார் என்று நினைத்துப் போனேன். ஆள் மைதொட்டு எழுதும் நிப்பை வைத்துக்கொண்டு மலைச்சரிவுக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தார். மேலே அழுத்தித் தொடங்குகிறார், தடிப்பாக விழுகிறது. கீழே வர வரக் கையைத் தளர்த்துகிறார், கோடு மெலிந்து காணாமல் போகிறது. மூச்சைப் பிடித்து ஒரு கோடு, மூச்சை விட்டு அடுத்தது. நடுவில் கரண்ட் போனது. நிமிரக்கூட இல்லை, "டார்ச் அடிங்க" என்றார். அடித்தேன். அந்த வெளிச்சத்தில்தான் கவனித்தேன், எங்கேயோ பார்த்த மலையாக இருக்கிறதே என்று. நம்ம துரூக்! நான்சச் எஸ்டேட் வழியாக நடந்து போவோமே, அதே பகாசுரன் கோட்டை, இடிந்த சுவர் உட்பட. அவர் வரைந்துகொடுக்கும் ஆட்டப் புத்தகத்தில் அது கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் கோட்டை. அமெரிக்காவில் எவனோ டைஸ் உருட்டி நம்ம துரூக் ஏறிக்கொண்டிருக்கிறான், அவனுக்கே தெரியாது.

அவர் முன்பு செய்த ஒரு புத்தகத்தையும் காட்டினார். அட்டையில் எழுதியவர் பெயர் மட்டும். இவர் பெயர் உள்ளே பொடி எழுத்தில், "கூடுதல் வரைபடங்கள்" என்று, விளையாடிப் பார்த்தவர்களின் பட்டியலுக்குக் கீழே. உறுத்தவில்லையா என்று கேட்டேன். "துரூக் சுவரைக் கட்டினவன் பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை.

குஞ்சப்பனை கொண்டைஊசி (கோத்தகிரி):

என்னுடையது பஸ் கதை. மேட்டுப்பாளையத்தில் ஏறினேன், பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. மடியில் பிரிண்ட் எடுத்த தாள்கட்டு, கையில் பென்சில். எட்டிப் பார்த்தால் மான்ஸ்டர் ஸ்டேட் பிளாக், ஆட்டத்தில் வரும் பூதத்தின் பலத்தை எண்களில் சொல்லும் கட்டம்! கோத்தகிரி பஸ்ஸில்! விசாரித்தால், ரூல்புக் எடிட்டிங் செய்கிறாராம், எல்லாம் ஃப்ரீலான்ஸ்.

ஒரு பூதத்துக்கு ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 45, அடைப்புக்குறிக்குள் 6டி8+12 என்று அச்சாகியிருந்தது. குஞ்சப்பனை தாண்டி வளைவில் பஸ் சாய்கிறது, எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுக் கணக்குப் போடுகிறார்: "எட்டுப்பக்க டைஸுக்குச் சராசரி நாலரை. ஆறு டைஸுக்கு இருபத்தேழு. பன்னெண்டைக் கூட்டினா முப்பத்தொம்பதுதானே வரும்?" அடுத்த வளைவுக்குள் தாளில் வட்டம் விழுந்துவிட்டது.

இப்படி ஒரு புத்தகத்தில் எத்தனை பிடிப்பீர்கள் என்றேன். "எண்ணினதில்ல தம்பி. வார்த்தைக் கணக்குலதான் கூலி. நம்பருக்கு எவன் தர்றான்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் டேபிளில் இந்த மாதிரி ஒரு தப்பு நம்பரால் ஒரு சண்டைக்காட்சி இரவு ஒரு மணி வரை இழுத்திருக்கிறது. அன்றைக்கு எல்லாரும் திட்டியது எழுதியவரைத்தான். அடுத்த தடவை தப்பே இல்லாத புத்தகம் வந்தபோது எடிட்டரை யாரும் நினைக்கவில்லை.

பழைய காலத்து டிஎம் (ஊட்டி):

பகடைப்பித்தன், உங்கள் வரைபடக்காரர் சொன்னது கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. கோட்டைச் சுவர் கட்டியவன் பெயர் போனது ஆவணம் இல்லாத காலத்தில். இங்கே உழைத்தவர்கள் பெயர் போட கிரெடிட்ஸ் பக்கம் என்று ஒன்று இருக்கும்போதே பெயரைக் கீழே தள்ளுகிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஓவியர் டேவிட் டிராம்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆர்பிஜிக்கு 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டை, பெரிய சிலையின் கண்ணிலிருந்து ரத்தினத்தை நெம்புகிறார்களே, அது அவர் கை. அதே ஆட்டத்துக்கு முந்தைய வருடம் வந்த பூதங்களின் புத்தகம் மான்ஸ்டர் மேனுவலில் பாதி பயம் அவரும் இன்னொரு ஓவியர் டேவிட் சதர்லேண்டும் சேர்ந்து கொடுத்தது. 1988இல் அவருடைய காமிக்ஸ் தொடர் பாதியில் நின்றது, ஆளும் துறையை விட்டே போய்விட்டார். 2002இல் ஒரு மாணவர் பத்திரிகை இலினாய் மாநிலத்தின் கார்பண்டேலில் டாக்சி ஓட்டுபவர்களைப் பற்றி எழுதியபோதுதான் தெரிந்தது, அதில் ஒரு டிரைவர் இவர். 2014இல் இறந்தார். 1980இல் அதே ஆட்டத்தின் கற்பனை உலகமான கிரேஹாக்குக்கு அவ்வளவு பெரிய இரட்டைத்தாள் வரைபடம் வரைந்த டார்லீன் பெயரை நம் டேபிள்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 1880களில் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அதை உருவாக்கிய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் பெயர் உலகத்துக்கே தெரியும். தினமும் பந்து அடுக்கி மார்க் போட்ட மார்க்கர் யார்? கேட்டால் அந்தக் காலம் அப்படி என்பீர்கள். சரி, இந்தக் காலம் எப்படி?

என் சொந்த அனுபவம் சின்னது. இங்கே வந்திருந்த, ஆர்பிஜி புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் ஒரு லேஅவுட் கலைஞரிடம் "உங்க புக் பிரமாதம்" என்றேன். "நீங்கதான் முதல்ல 'உங்க புக்'னு சொல்றீங்க" என்றார். அவ்வளவுதான்.

மினி_பெயின்டர் (மூஞ்சிக்கல், கொடைக்கானல்):

நான் மினியேச்சர், அதாவது ஆட்டத்தில் வைக்கும் குட்டிப் பொம்மைகள், பெயின்ட் செய்பவன். பாக்ஸ் அட்டைக்காக நான் தீட்டிய டிராகன் படம் விளம்பரம் முழுக்க வந்தது, பெயர் எங்கேயும் இல்லை. இது என் கதை, முடிந்தது. இப்போது உருப்படியாகச் சில விஷயம்.

குன்னூர்க்காரரிடம் சொல்லுங்கள். முதலில், பேச்சோடு எதையும் விடக்கூடாது. பெயர் எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பில், எப்படி வரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி வேண்டும். அடுத்து, ஒரிஜினல் தாள். அச்சிடும் உரிமை வேறு, மையால் வரைந்த அந்தத் தாள் வேறு. தாள் என்னுடையது என்று எழுதி வாங்கினால் பிற்பாடு ரசிகர்களிடம் விற்கலாம், பல ஓவியர்களுக்குக் கூலியை விட அதில் நல்ல காசு. உரிமை கைமாறுவது முழுப் பணமும் வந்த பிறகுதான் என்று ஒரு நிபந்தனை. ப்ராஜெக்ட் பாதியில் நின்றால் இவ்வளவு என்று ஒரு தொகை. நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவைப் படியுங்கள், உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும் "இது என் படைப்பு" என்று சொல்லும் உரிமை போகாது. 19ஆம் பிரிவின்படி எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் கணக்கு. அந்த எடிட்டர் அக்கா வார்த்தைக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கில் ரேட் பேச வேண்டும், ஸ்டேட் பிளாக்குக்குத் தனியாக...

வட்டக்கானல் மூடுபனி:

மினி_பெயின்டர் சார், யாரும் அறிவுரை கேட்கவில்லையே. அதோடு கம்பெனி அமெரிக்காவில், ஒப்பந்தம் அவர்கள் ஊர்ச் சட்டப்படி, 'வொர்க் ஃபார் ஹயர்' என்று ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டால் சட்டத்தின் கண்ணில் படைத்தவரே கம்பெனிதான். 57ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானலிலிருந்து எங்கே போய்க் கேஸ் போடுவது?

இன்னொன்று, இதுவரை படம், கணக்கு, லேஅவுட் எல்லாம் வந்தது. எழுதுபவருக்கு மட்டும் எல்லாம் கிடைத்துவிடுகிற மாதிரி பேசுகிறீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனியின் டிசைன் பிரிவில் சேர்ந்த முதல் பெண் ஜீன் வெல்ஸ். அவர் எழுதிய அட்வென்சர் (ஆடுவதற்குத் தயாராக எழுதிய கதைப் புத்தகம்) 1981இல் அச்சாகி வந்த கையோடு திரும்பப் பெறப்பட்டது. டாம் மோல்ட்வே என்ற இன்னொரு எழுத்தாளரை வைத்து மாற்றி எழுதி, அதே தலைப்பில் விற்றார்கள். முதல் பிரதிகளைச் சேகரிப்பவர்கள் இன்று பெரிய விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அதில் அவருக்கு என்ன வந்தது?

நான் பார்த்தது இது. வட்டக்கானலில் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். வெளியே மழை, உள்ளே கேம். வீட்டுக்காரம்மாவின் மகள் சுக்குக் காபி கொண்டுவந்தார். ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் அப்போது அட்வென்சர் புத்தகத்திலிருந்து, ஆடுபவர்களுக்கு உரக்கப் படிக்கும் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தான், கிணற்றுக்குள் இறங்கும் படிகள், கடைசிப் படியில் ஒரு ஒற்றைச் செருப்பு. அந்தப் பெண் தட்டோடு நின்றுவிட்டார். உதடு அசைகிறது. அவன் ஒரு வார்த்தை சொல்லும் முன்பே இவர் உதடு அதைச் சொல்லிவிடுகிறது.

பிறகு சமையலறைப் பக்கம் போய்க் கேட்டேன். ஆமாம், அவர் எழுதியது, புனைபெயரில். பாராட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அவர் கவலை வேறு: "அந்தச் செருப்பு சின்னப் பிள்ளையோடதுன்னு எழுதியிருந்தேன். இடம் பத்தலைன்னு வெட்டிட்டாங்க. உங்க ஆளுங்க யாராவது யாரோட செருப்புன்னு கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. எங்கள் ஃபைட்டர், சண்டைக்காரப் பாத்திரம், அதை உதைத்துவிட்டுப் போனான்.

பழைய காலத்து டிஎம் (ஊட்டி):

வெட்டியது எடிட்டர்தானே? கோத்தகிரி நண்பர் கவனிக்கவும்.

குஞ்சப்பனை கொண்டைஊசி (கோத்தகிரி):

எடிட்டர் பக்கக் கணக்குக்கு வெட்டியிருப்பார், பக்கக் கணக்கை முடிவு செய்தது யார் என்று பாருங்கள்.

பகடைப்பித்தன் (குன்னூர்):

நடுவில் ஒரு சந்தேகம். அந்த பூதத்துக்கு 45 தப்பா, 12 தப்பா? கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி எண்) எவ்வளவு போட்டிருந்தது?

குஞ்சப்பனை கொண்டைஊசி (கோத்தகிரி):

16. அப்படியென்றால் டைஸுக்கு மூன்று வீதம் 18 கூட்ட வேண்டும், 45 சரி. அக்கா வட்டம் போட்டது 12ஐத்தான்.