மறு: சேணத்தின் உள்கட்டுமானத்துக்கு ஒரு சொல் தேவை (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:

குழும அன்பர்களுக்கு வணக்கம். குதிரையேற்றம் பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அங்கவடி, கடிவாளம், வயிற்றுவார் எல்லாம் தடையின்றி வந்துவிட்டன. குதிரை முதுகில் உட்காருவதற்கான சேணத்தைத் தேர்ந்தெடுக்கும் இயலில்தான் வண்டி நின்றுவிட்டது. தோலுக்கும் பஞ்சுக்கும் உள்ளே விறைப்பாக ஒரு கட்டுமானம் இருக்கிறதே, சேணத்துக்கு உருவமே அதுதான், அதை ஆங்கிலத்தில் 'ட்ரீ' என்கிறார்கள். அதன் அகலம், அது உடைந்தால் வரும் ஆபத்து என்று பக்கத்துக்குப் பக்கம் அதே பேச்சு. இப்போதைக்குச் 'சேணமரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த என் மகள், "இது எந்த மாதத்தில் காய்க்கும்?" என்று கேட்டாள். உதவுங்கள்.

தச்சுக்கலை ஆர்வலர்:

மகளிடம் கட்டுமரம் எப்போது காய்க்கும் என்று கேளுங்கள். தமிழில் மரம் என்றால் நிற்கும் மரம் மட்டுமல்ல, அறுத்து இழைத்த மரமும் மரமே. அந்தப் பொருளும் உண்மையில் மரத்தால் ஆனது. சேணமரம் நல்ல சொல். விடாதீர்கள்.

கலைச்சொல் தொகுப்பாளர்:

எல்லாம் மரத்தால் ஆனவை அல்ல. பீச் மரத்தை மெல்லிய தகடுகளாக ஒட்டி, எஃகுப் பட்டை வைத்து இறுக்கிச் செய்வது பழைய முறை. இன்று கண்ணாடியிழையிலும் பலபடி நெகிழியிலும் செய்கிறார்கள். அது இல்லாத சேணங்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை 'மரமில்லாச் சேணம்' என்று எழுதினால், மரத்துக்குப் பதில் நெகிழி வைத்தது என்றுதானே வாசகர் நினைப்பார்? 'சட்டகம்' என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சேணச்சட்டகம், சட்டகமில்லாச் சேணம். கணினி, கட்டடம், ஆய்வுநெறி எல்லாவற்றிலும் புழங்கிய சொல்.

தச்சுக்கலை ஆர்வலர்:

எள்ளின் நெய் எண்ணெய். தேங்காயில் பிழிந்தாலும் எண்ணெய், மண்ணுக்கடியில் தோண்டினாலும் மண்ணெண்ணெய். எள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பொருள் மாறினாலும் பெயர் நிற்கும். கணினிக்கும் கட்டடத்துக்கும் புழங்கியது என்பதே சட்டகத்தின் குறை. எதற்கும் பொருந்தும் சொல் எதையும் காட்டாது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, அடிப்படையையே விட்டுவிட்டீர்கள். முதலில் சேணம் என்பது என்ன? 'சேண்' என்றால் உயரம், சேய்மை. ஏறியவனை உயரத்தில் இருத்துவது, சேய்மைக்குக் கொண்டு செல்வது, ஆகவே சேணம் என்று நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை, போகட்டும். சேணத்துக்கு வழங்கிய வேறு சொற்களைப் பாருங்கள். 'சீனி' பாரசீகத்திலிருந்து வந்தது. 'பல்லணம்' வடமொழிப் பரியாணம், பாகதத்தின் (பிராகிருதத்தின்) வழியாக வந்தது. இவை இரண்டையும் தள்ளுங்கள். 'பருமம்' இருக்கிறதே! நெடுநல்வாடையில் பாசறைக் காட்சி:

"பருமம் களையாப் பாய்பரிக் கலிமா
இருஞ்சேற்றுத் தெருவின் எறிதுளி விதிர்ப்ப"

நள்ளிரவு, வாடைக்காற்று, சேற்றுத் தெரு. சேணம் கழற்றப்படாத போர்க்குதிரைகள் தம்மேல் விழுந்த துளிகளை உடல் சிலிர்த்து உதறுகின்றன. இத்தனை பழைய சொல்லை வைத்துக்கொண்டு சட்டகம், மரம் என்று ஏன் அலைகிறீர்கள்? சேணத்துக்குப் பருமம், உள்ளிருப்பதற்குப் 'பருமக்கோப்பு' என்று எழுதுங்கள். 'பண்ணுதல்' என்ற வினைக்கே குதிரையை அணிசெய்து ஆயத்தமாக்குதல் என்ற பொருள் உண்டு. இன்று எல்லாவற்றையும் 'பண்ணுகிறோம்', குதிரையை மட்டும் பண்ணுவதில்லை. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

குதிரைப் பயிற்றுநர்:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் சேணத்தைக் கழற்றாமல் மழையில் இரவெல்லாம் நிறுத்தினால் முதுகு புண்ணாகும். பாசறையில் வேறு வழியில்லை என்பதைத்தான் புலவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்குக் கவலை வேறு. இந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் குதிரையின் முதுகில் கைவைத்துப் பார்க்கப் போகிறார். அவருக்கு என்ன தெரிய வேண்டும்? நீங்கள் 'ட்ரீ' என்பது முதுகெலும்பின் இருபுறமும் எடையைப் பரப்புகிற பொருள். அது குறுகலாக இருந்தால் தோளுக்குப் பின்னால் கவ்விப் பிடிக்கும், சேணத்தின் முன்பக்கம் தூக்கி நிற்கும், ஏறியவர் பின்னால் சரிவார். அகலமாக இருந்தால் முன்பக்கம் இறங்கித் தோள்மேட்டிலேயே, அதாவது கழுத்து முதுகோடு சேருமிடத்து மேட்டிலேயே, உட்காரும். விரிப்பு எதுவும் போடாமல் சேணத்தை வைத்துப் பார்க்கும்போது, தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முள்ளெலும்பின் மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். பின்பக்கம் கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் பாரம் தாங்க விலா எலும்புகள் இல்லை. குறுகிய சேணத்தைத் தடித்த விரிப்பால் சரிசெய்யப் பார்ப்பவர்கள் பலர். கடிக்கிற செருப்புக்குள் கனத்த காலுறை போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

இன்னொன்று. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வேர்வை இருபுறமும் சீராகப் படிந்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்திருக்க, தோள் எலும்பை ஒட்டி உள்ளங்கையளவு மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே சேணம் தொடவே இல்லை, அல்லது அளவுக்கு மீறி அழுத்துகிறது. அந்த இடத்தில் விரலால் அழுத்தும்போது குதிரை முதுகைத் தாழ்த்தினால் விடை கிடைத்துவிடும். முதுகில் திட்டாக வெள்ளை மயிர் இருந்தால் முன்பு எப்போதோ ஒரு சேணம் செய்த வேலையாக இருக்கலாம். இவ்வளவையும் ஒரு சொல் சொல்லாது. குறைந்தது குழப்பாமலாவது இருக்கட்டும். 'பருமம்' என்றால் என் மாணவர்கள் குதிரையின் உடல் பருமன் என்று நினைப்பார்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அறியாமையை அளவுகோலாக வைத்தால் எந்தச் சொல்தான் மிஞ்சும்? சேணம் என்பதே இன்று எத்தனை பேருக்குச் சரியாகத் தெரிகிறது? 'சேணம் கட்டிய குதிரை போல ஒரே பக்கம் பார்க்கிறார்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது கண்பட்டையை! முதுகில் இருப்பதைக் கண்ணில் கட்டிவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயோ, இது உண்மைதான். சேணம் என்ற சொல்லுக்கே முதல் பக்கத்தில் படம் போட வேண்டும் போலிருக்கிறது.

மாணவ உறுப்பினர்:

'ட்ரீ' என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன? கடையில் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலே சொல்கிறது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அந்த நூற்பாவை இந்தக் குழுமத்தில் யார் எடுத்தாலும் பிறகு ஓர் ஆங்கிலச் சொல் உள்ளே வருகிறது. கடன் வாங்கினாலும் தமிழ் ஒலியில் வாங்கு என்பது தொல்காப்பியர் போட்ட கட்டளை. 'ட்' தமிழில் மொழிமுதல் வராது. 'இட்டிரீ' என்று எழுதுவீர்களா?

கலைச்சொல் தொகுப்பாளர்:

பயிற்றுநர் அம்மாவிடம் ஒரு கேள்வி. உடைந்திருக்கிறதா என்று சோதிக்கும் பத்தியை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்? அந்த வாக்கியத்தில் எந்தச் சொல் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

குதிரைப் பயிற்றுநர்:

இப்படிச் சொல்வேன்: "சேணத்தின் பின்விளிம்பை வயிற்றில் முட்டுக்கொடுத்து, முன்வளைவைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தாலோ, உள்ளே கிறீச்சென்று ஓசை வந்தாலோ சட்டகம் உடைந்திருக்கலாம். வில்தகடு வைத்தவை சற்றே வளைந்துகொடுக்கும், அது குறையல்ல. ஆனால் முன்வளைவின் இரு கால்களையும் சேர்த்து அழுத்தும்போது அசைவே இருக்கக் கூடாது. ஐயம் இருந்தால் அந்தச் சேணத்தில் ஏறாதீர்கள்."

பாருங்கள், சட்டகம் என்று தானாக வந்துவிட்டது. 'மரம் உடைந்திருக்கலாம்' என்றால் யாராவது வேலியைப் போய்ப் பார்ப்பார்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

சட்டகத்துக்கு உடம்பு என்றும் ஒரு பழம்பொருள் உண்டு. 'சட்டகம் உடைந்தது' என்றால் ஏறியவர் கதி என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

குதிரைப் பயிற்றுநர்:

உடைந்த சேணத்தில் ஏறினால் இரண்டு பொருளும் பொருந்தும் ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

நேரமில்லை. இதுவரை சட்டகத்துக்கு நால்வர், மரத்துக்கு இருவர், பருமக்கோப்புக்கு ஐயா ஒருவர். சேணச்சட்டகம் என்று போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: பயிற்றுநர் சொன்ன 'தோள்மேடு' போதுமா, 'திமில்' என்று எழுதலாமா?

குதிரைப் பயிற்றுநர்:

வேண்டவே வேண்டாம். திமில் காளைக்கு, அது தசை. குதிரைக்கு அந்த இடத்தில் இருப்பவை உயர்ந்த முள்ளெலும்புகள், மேலே தோல்தான். அதனால்தான் சேணம் அங்கே படவே கூடாது என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

தச்சுக்கலை ஆர்வலர்:

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், உடன்படவில்லை. அடிக்குறிப்பிலாவது 'சேணமரம் என்றும் வழங்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

எங்கும் வழங்காததை வழங்கும் என்று எப்படி எழுதுவது? அதற்குப் பருமக்கோப்பு என்று எழுதலாம், பருமமாவது வழங்கியது. பண்ணுதல் பற்றிய மடல் நாளை வரும்.