சிப்பிப்பாறை நாயை மாடி வீட்டில் வளர்ப்பது முறையா?

புதுக்குடித்தனம்:
சென்னையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். நாட்டு நாய்தான் வேண்டும் என்று, பிறந்து 35 நாளான சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கரிசல்காட்டான்:
வேண்டாம் என்பதே என் பதில். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தின் மறைவில்லாத கரிசல் வெளியில், தொலைவில் அசையும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால் என அனைத்தும் ஓட்டத்துக்காக அமைந்தவை. மோப்ப நாய் தரையை முகர்ந்து தயங்கித் தயங்கிச் செல்லும். இதுவோ கண்டதும் பாய்ந்துவிடும், பாய்ந்த பின் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. அந்தப் பாய்ச்சல் ஒரு பூனையின் பின்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம்மாடி:
ஆறு ஆண்டுகளாக மாடியில்தான் சிப்பிப்பாறை வளர்க்கிறேன். இந்த நாய் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது வளர்க்காதவர்களின் கற்பனை. காலையிலும் மாலையிலும் நெடுநடை, வாரத்தில் சில நாள் மதில் சூழ்ந்த காலி மனையில் கட்டவிழ்த்த ஓட்டம். மற்ற நேரமெல்லாம் தூக்கம்தான். வீணாகக் குரைப்பதில்லை. அந்நியர் தொட வந்தால் ஒதுங்கிக்கொள்ளுமே தவிர மேலே விழாது. மேலும், 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம். வேலை பறிபோன ஓர் இனத்தை நகரத்தாரும் கைவிட்டால் அதை வைத்துக் காப்பாற்றப் போவது யார்?

கரிசல்காட்டான்:
சட்டம் வேட்டையைத்தான் தடுத்தது. நாயின் கால்களை அது கட்டிப்போடவில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டக் காவலுக்கு இன்றும் வளர்க்கிறோம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த இனத்தின் பெயரைச் சொன்ன பிறகு, நாயைப் பார்த்தே இராதவர்கள்கூடக் குட்டி கேட்டு எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களில் இருவர் ஓராண்டுக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று சோபாவைக் கிழித்ததாம், மற்றொன்று பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்ததாம். கோழியைக் கண்டு சும்மா இருந்தால் அது சிப்பிப்பாறையே அன்று.

மருந்துப்பெட்டி:
கால்நடை மருத்துவராக இருவருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதலில், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் தடைசெய்கின்றன. 35 நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பவரிடம் வாங்காதீர்கள். பார்வோ என்னும் வைரஸ் வயிற்றுப்போக்கு நோய்க்கான தடுப்பூசித் தொடரும் குடற்புழு நீக்கமும் முடியும் வரை தெருவில் இறக்கவும் கூடாது. விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. மெலிந்துவிட்டது என்று எண்ணிச் சோற்றைத் திணித்தால் மூட்டுதான் கெடும். தோலடிக் கொழுப்பு குறைவானதால் குளிர்ந்த தரையில் படுக்கச் சாக்கோ மெத்தையோ தேவை. கொழுப்பு குறைந்த ஓட்ட நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகவே தெளியும் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் இனத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தலை குறுகலாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் அகன்ற பட்டையே ஏற்றது.

கரிசல்காட்டான்:
நன்றி, டாக்டர். மூன்றாம்மாடி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். பகலில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மூன்றாம்மாடி:
பணி ஓய்வு பெற்ற என் தந்தையார் இருக்கிறார். காலை நடைக்கும் அவர்தான் அழைத்துப் போகிறார்.

கரிசல்காட்டான்:
அப்படியானால் நாய் வளர்ப்பவர் அவர். நீங்கள் அதைப் படமெடுப்பவர். கேள்வி கேட்டவரின் வீட்டிலோ ஒன்பது மணி நேரம் ஆளே இல்லை. ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் நாய்க்கு அது சிறைவாசம்.

மூன்றாம்மாடி:
படமெடுப்பவன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இப்போது சொல்லும் குறை தனிமையைப் பற்றியது. தொடக்கத்தில் பழி சுமத்தியது மாடியின் மேல். ஆளில்லாத தோட்டத்தில் பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் சிப்பிப்பாறைகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.



புதுக்குடித்தனம்:
குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமனார் தை மாதம் ஓய்வு பெறுகிறார். எங்களோடு வந்து தங்க அவருக்கு விருப்பம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.